பழைய நாட்குறிப்புகள், வியாபாரக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் இருந்து தகரப்பெட்டியை இறக்கியவர்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் டயரியைக் கேள்விப்பட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்கள், இப்படி இரண்டு வகையான ஆட்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. இரண்டும் ஒரே சங்கதிதான் என்பது என் கட்சி.

மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. ஒரு வியாபாரியின் டயரியில் புதிதாக என்ன கிடைக்கும்?

சாப்பாடு கிடைக்கும். யார் சமைத்தார்கள், எங்கே வைத்துச் சமைத்தார்கள், யார் யாருக்கு மேசை போட்டார்கள் என்பது கிடைக்கும். கல்வெட்டு வெட்டியவருக்குப் பின்னால் வரும் ஆட்கள் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டுதான் பேசுவார். சரக்கு வரவில்லையே என்று கடுதாசி எழுதியவருக்கு அந்தக் கவலையே இல்லை. அவருக்குச் சரக்கு வந்தால் போதும். அந்த அவசரத்தில் அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் போகிற விஷயங்களுக்காகத்தான் நாம் இவற்றைப் படிக்கிறோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை தன் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையை ஒட்டிப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷி. அந்த உத்தியோகம் அவரைச் சிறையில் கொண்டுபோய் விட்டது. 1717இல் சிறையிலேயே இறந்தார். மருமகனான பிள்ளைக்கு இந்தக் கதை மறந்திருக்காது. பதவியைப் பற்றிப் பிள்ளை எழுதும் இடங்களில் ஆசையும் பயமும் கலந்தே இருக்கும்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை பேசுகிறவர் என்று அர்த்தம். ஆனால் வேலை வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. நெசவாளருக்கு முன்பணம் கொடுக்க, வர்த்தகர்களை வளைக்க, நவாபுக்குக் கடிதம் எழுத, கவர்னரின் கோபத்தைத் தாங்க எல்லாவற்றுக்கும் அவர்தான். கவர்னர் டூப்ளே காலத்தில், தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்தபிறகு, அந்த இடத்துக்குப் பிள்ளை வந்தார். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் பதவி காலி. அதைப் பிடிக்க யார் யார் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார்கள், யார் கவர்னரின் மனைவி வழியாகப் போனார்கள் என்று பிள்ளை எழுதும் பக்கங்களைப் படித்தால் இன்றைய மாவட்டச் செயலாளர் பதவிப் போட்டி ஒன்றும் புதிதல்ல என்று தோன்றும்.

1736 செப்டம்பர் 6ஆம் தேதி, நள வருஷம் ஆவணி மாதத்தில், எழுதத் தொடங்கினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது போனது, நடக்கிற அதிசயங்கள் எல்லாவற்றையும் எழுதப்போகிறேன் என்கிற பொருளில் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்னால், கண்ணை மூடினார். கால் நூற்றாண்டு எழுத்து. நடுநடுவே பல பகுதிகள் தொலைந்துபோயின.

சரி, அதில் அன்றாட வாழ்க்கை எங்கே இருக்கிறது? எல்லாம் கும்பினி அரசியல் மாதிரித்தானே தெரிகிறது?

ஒரே ஒரு விருந்தைச் சொல்கிறேன்.

1745 அக்டோபரில் அரியாங்குப்பத்தில் கனகராய முதலியார் கட்டிய மாதா கோயிலின் திறப்பு விழா. முதலியார் கிறிஸ்தவர், பேத்ரோ என்று ஞானஸ்நானப் பெயரும் உண்டு. செத்துப்போன மகனின் நினைவாகக் கட்டிய கோயில். ஊரையே கூப்பிட்டுவிட்டார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டிகள், தட்டார், நெசவாளர், வாணியர் என்று ஒரு சாதியும் பாக்கியில்லை. இவர்களோடு கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும்.

இத்தனை பேருக்கும் எப்படிச் சாப்பாடு போடுவது? பிராமணச் சமையல்காரர்களுக்குத் தனியாகச் சத்திரங்களும் தோட்டங்களும் ஒதுக்கப்பட்டன. வேளாளருக்கான சமையல் அகம்படியார் வீடுகளில். அவரவர் ஆசாரத்துக்குக் குறை வராமல் ஏற்பாடு. ஐரோப்பியருக்கான சாப்பாடு புதுச்சேரியிலேயே தயாராகி அரியாங்குப்பம் வந்தது. அவர்களுக்கு மேசை போட்டார்கள். டூப்ளேயும் மனைவியும் ஆலோசனைச் சபைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

பிள்ளை இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு குறையும் சொல்கிறார். இவ்வளவு செலவு செய்தாலும் சோபிக்கவில்லை. கிறிஸ்தவர் தம் மதத்து முறைப்படி செய்திருக்க வேண்டும், இந்து முறையில் செய்தது பொருந்தவில்லை என்பது அவர் அபிப்பிராயம். போட்டியாளரின் விருந்தில் சாப்பிட்டுவிட்டு வந்து குறை எழுதுகிற மனுஷன்! எனக்கு அவரை நிரம்பப் பிடித்துப்போன இடம் இதுதான்.

அதே வருஷம் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு மாதா கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள், சுவர் இடிபட்டது, மற்றவர்கள் கொதித்தார்கள். கூடவே, மெல்லிய துணி கட்டி நகையும் வாசனையுமாகக் கோயிலுக்கு வந்த முதலியார் வீட்டுப் பெண் ஒருத்தியைப் பாதிரியார் கண்டித்த கதையும் வருகிறது. சாதி, உடை, வாசனை, மதம், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்கிற சண்டை, எல்லாம் ஒரே சம்பவத்தில். பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவமும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று ஒரு முழு ஆய்வுநூல் சொல்வதைப் பிள்ளை வம்பு மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் எழுதியதை அப்படியே நம்பலாமா?

கூடாது. தன்னைப் பற்றிப் பேசும்போது கூச்சம் என்பது கிடையாது. கவர்னர் தன்னைப் புகழ்ந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் எழுதுவார். டூப்ளேயின் மனைவி மேல் தீராத கசப்பு. ஊரில் கெட்டது எது நடந்தாலும் அந்த அம்மாள் தலையில் போய் விழும். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த செய்தியில் இந்தக் கசப்பு உச்சம்.

ஆனால் பொய்க்கும் ஒரு பயன் உண்டு. ஒருவர் எதில் பெருமை அடித்துக்கொள்கிறார் என்பது அந்தக் காலத்தில் எது பெருமை என்று காட்டிக்கொடுக்கும். பல்லக்கில் எதுவரை போகலாம், மேளம் எங்கே வாசிக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு உயிர்ப் பிரச்சினை. கவர்னர் உண்மையில் அப்படிப் புகழ்ந்தாரா என்பது சந்தேகம். புகழ்ந்ததாகச் சொல்லிக்கொள்வது முக்கியமாக இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

அவருக்குப் பிறகு யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள். அவர் குடும்பத்திலேயே திருவேங்கடம் பிள்ளைகள் தொடர்ந்தார்கள். இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பும் உண்டு. அது அதே நூற்றாண்டின் பிற்பகுதிப் புதுச்சேரி.

தமிழில் படிக்கக் கடினமாக இருக்குமா?

முதல் இருபது பக்கம் பல்லைக் கடிக்க வேண்டும். அவர் எழுதியது இலக்கியத் தமிழ் அல்ல, அன்றைய பேச்சு. பாரசீகம், தெலுங்கு, போர்ச்சுகீசு, பிரெஞ்சு எல்லாம் காதில் விழுந்தபடி வரும். முசே என்று ஆரம்பித்தால் பின்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் படித்தால் பாதிக் கஷ்டம் தீரும். 1846இல் கலுவா மோன்பிரேன் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த பிறகுதான் இது வெளியுலகுக்கு வந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகள் போட்டது. தமிழிலும் இப்போது 12 தொகுதிகள் கிடைக்கின்றன. முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். 1745, 1746, 1748 ஆகிய வருஷங்களைத் தேடிப் போங்கள்.

நாட்குறிப்பு சரி. வியாபாரக் கடிதத்தில் விலையும் வட்டியும் தவிர என்ன இருக்கும்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் கடிதங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும்வரை.

இவர் இன்றைய துனீசியாவின் மஹதியா ஊரைச் சேர்ந்த யூத வியாபாரி. 1132 வாக்கில் மங்களூர்ப் பக்கம் வந்து 1149 வரை தங்கினார். ஆஷு என்ற உள்ளூர்ப் பெண்ணை அடிமைத்தளையிலிருந்து விடுவித்து அவளோடு வாழ்ந்தார். பித்தளைப் பட்டறை வைத்திருந்தார். யேமன் துறைமுகமான ஏடனிலிருந்து ஓட்டை உடைசல் பாத்திரங்களைக் கப்பலில் அனுப்புவார்கள். இங்கே உருக்கிப் புதிதாக வார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தெருவில் பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு போவார்களே, அதே யாவாரம், நடுவில் அரபிக் கடல்.

ஏடனில் இருந்த கூட்டாளி மத்மூன் சரக்கோடு அன்பளிப்பும் அனுப்புவார். சர்க்கரை, உலர்ந்த திராட்சை, அப்புறம் காகிதம். காகிதம்தான் முக்கியம். இந்தப் பக்கம் ஓலையில் எழுதிக்கொண்டிருந்த காலம். நல்ல காகிதம் கிடைக்காமல் பென் யிஜு தவித்திருக்கிறார். அதனால்தான் வந்த கடிதங்களின் ஓரத்திலும் முதுகிலும் கணக்கும் குறிப்பும் எழுதி வைத்தார். ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாமல் ஏமாற்றிய ஓர் ஆளைப் பற்றி ஏடன்காரர்கள் கடிதத்துக்குக் கடிதம் பொருமுகிறார்கள். எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் ஆகியும் அந்தப் பணம் வந்து சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இவை எப்படிப் பிழைத்தன? கடவுள் பெயர் எழுதிய தாளைத் தூக்கி எறியக்கூடாது என்பது யூதர் வழக்கம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தில் அப்படிப்பட்ட தாள்களைப் போட்டு வைக்க ஓர் அறை. பக்தி நூல்களோடு கடன் சீட்டும் சரக்குப் பட்டியலும் சேர்ந்து அங்கே போய் விழுந்தன. சரஸ்வதி என்று சொல்லிக் காகிதத்தை மிதிக்க விடாத பாட்டிமார்களிடம் வளர்ந்த நமக்கு அந்த அறையைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல.

பெண்கள் எழுதியது ஏன் இவ்வளவு குறைவு?

எழுதக் கற்றுக்கொடுக்காதது ஒன்று. எழுதியதைப் பாதுகாக்காதது இன்னொன்று. கணக்கு நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய வீட்டில்தான், பெண்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதம் அடுப்பு பற்றவைக்கப் போயிருக்கும்.

இருக்கும் இடத்தில் ஜொலிக்கிறது. துருக்கியில் குல்தெபே என்ற மேட்டில் இருபதாயிரத்துக்கும் மேலான களிமண் பலகைகள் கிடைத்தன. சுமார் 3900 வருஷத்துக்கு முந்தைய, இன்றைய ஈராக் பக்கத்து அசீரிய வணிகர்களின் கடிதங்களும் கணக்குகளும். ஆண்கள் கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு அனத்தோலியா, அதாவது இன்றைய துருக்கி, போய்த் தங்கிவிடுவார்கள். ஊரில் இருந்த மனைவிமார் அந்தத் துணியை நெய்து, நெய்வித்து, அனுப்பி, பணத்துக்குக் காத்திருப்பார்கள். லமஸ்ஸி என்பவள் கணவன் புஷு-கெனுக்கு எழுதிய கடிதம் ஒன்று. துணி சின்னதாக இருக்கிறது, சரியில்லை என்று அவன் எழுதியிருக்கிறான். அளவைக் குறைக்கச் சொன்னதே நீர்தானே என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். தூரத்தில் இருக்கிற புருஷன், அவன் சொன்னதை அவனே மறப்பது என்று அந்த ஒரு வரியில் ஒரு குடித்தனமே தெரிகிறது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கடல்கடந்து கொண்டுவிற்ற தொழிலின் கணக்குகளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாகவே உண்டு. முதலாளி செட்டிநாட்டில், அவருக்காகக் கடை நடத்தும் மேலாள் ரங்கூனிலோ பினாங்கிலோ. மூன்று வருஷக் கணக்கு, சம்பளச் சீட்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு. இந்த ஏற்பாடு முழுக்கக் கடிதத்தில்தான் ஓடியது. நம்பிக்கையைத் தபாலில் அனுப்பிய தொழில். 1930க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மியர்கள் திருப்ப முடியாமல் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்தக் காலத்துப் பேரேடும் கடிதமும் உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கதவு, தூண், பெல்ஜியம் கண்ணாடிக்கு இருக்கிற மரியாதை பேரேட்டுக்கு இல்லாதது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

எங்கள் வீட்டுக் கார்டில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987. ஆனால் உங்கள் கையில் இருப்பது தபால் கார்டு. இந்தியாவில் கார்டு வந்ததே 1879 ஜூலையில்தான், காலணா விலையில். ஆக 1867 அடிபட்டுப்போகிறது. அணாக் கணக்கு இருந்தால் 1987ம் இல்லை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிற்பாடு. கார்டில் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் சந்தேகமே வேண்டாம், 1927தான்.

இடையிடையே வரும் சுழிகள் என்ன? "அ பலம் மஞ்சள்" என்றால்?

எட்டுப் பலம் மஞ்சள். தமிழ் எண்களில் பல, எழுத்து மாதிரியே இருக்கும்: ௧ என்பது க, ௨ என்பது உ, ௭ என்பது எ, ௮ என்பது அ. பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲. ௨௱௫௰ என்றால் 250. மளிகைச் சீட்டில் "உ பலம்" என்றிருந்ததைப் பிள்ளையார் சுழி என்று நினைத்து நான் இரண்டு பலத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௸ தான் அதிகம் படுத்தும். மேற்படி ஊர், மேற்படி ஆள், மேற்படி தொகை என்று போய்க்கொண்டே இருக்கும். மேலே எது என்று கண்டுபிடிக்க நாலு பக்கம் திரும்ப வேண்டும். பின்னங்களில் வீசம் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எடையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பழைய கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும், புள்ளி வைக்கமாட்டார்கள். படம் எடுத்துப் பெரிதாக்கி, சத்தமாகப் படியுங்கள்.

எல்லாக் கடிதத்திலும் "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்றே இருக்கிறதே, ஒருவருமே சாகவில்லையா?

செத்தார்கள். சாவுச் செய்தி சொல்லும் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதம் பெட்டிக்குப் போகும், ஓரத்தில் கறுப்புப் பூசிய கார்டு வாசலோடு போகும். ஆகவே பெட்டியை மட்டும் நம்பினால் உங்கள் குடும்பத்தில் கல்யாணம் மட்டுமே நடந்திருக்கும். ஒரு கையெழுத்து திடீரென்று நின்றுபோகும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் கிழிந்த கார்டு இருக்கிறது.

எப்படிப் பாதுகாப்பது? எங்கே கொடுக்கலாம்?

செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். எங்கள் தாத்தா எல்லாக் கடிதத்தையும் கம்பியில் குத்தித் தொங்கவிட்டவர்; ஒரு கோட்டை நெல் என்ன விலைக்குப் போனது என்று எழுதிய கார்டில் ஓட்டை சரியாக அந்தத் தொகையின் மேல் விழுந்திருக்கிறது. ஓட்டையை மன்னித்துவிடலாம், இராமபாணப் பூச்சியை மன்னிக்க முடியாது. உலர்ந்த இடம், பருத்தித் துணி, அவ்வப்போது பிரித்துப் பார்ப்பது, இவை போதும்.

அடுக்கைக் கலைக்காமல் வரிசையாகப் படம் எடுங்கள். உறை, முகவரிப் பக்கம், காலியான பின்பக்கம் உட்பட. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இலங்கைத் தமிழ் ஆவணம் என்றால் நூலகம் நிறுவனம்: விசாரித்துப் பாருங்கள். ரோஜா முத்தையா நூலகமே கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து வந்ததுதான்.

தாத்தாவின் டயரியில் குடும்ப ரகசியம் இருக்கிறது. வெளியே கொடுக்கலாமா?

உயிரோடு இருப்பவர்களைத் தொடும் பக்கங்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். எரிக்காதீர்கள். கடன், சொத்துத் தகராறு, இரண்டாம் குடும்பம், சாதியைச் சொல்லித் திட்டியது என்று எதை மறைக்க நினைக்கிறோமோ அதுதான் அந்தக் காலம். நல்ல பிள்ளையாக்கி, தவறுகளைத் திருத்தி, மரியாதைச் சொற்களைச் சேர்த்து அச்சிட்ட குடும்ப மலர்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றை யாரும் இரண்டாம் முறை படித்து நான் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தாயிற்று. முதலில் என்ன செய்வது?

வீட்டில் இருப்பதிலேயே மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "கும்பகோணத்தாள்", "பெரியவூட்டுச் சின்னவன்" என்றெல்லாம் வரும் ஆட்கள் யாரென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்வதை அப்படியே தனி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தின் மேல் எண் போட வேண்டுமானால் பின்பக்க மூலையில் பென்சிலால் போடுங்கள். பேனா வேண்டாம்.